வெயில் தாழ்ந்ததும் பசை: வீட்டில் எட்டடிப் பாய்மரப் படகு கட்டும் வழி

வீட்டில் படகு கட்ட ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "தச்சு வேலை தெரியாதே, முடியுமா?" என்றுதான். முடியும். கோடு போட்டு, அந்தக் கோட்டோடு அறுக்கத் தெரிந்தால் போதும். கவலைப்பட வேண்டிய இடம் பசை. படகு வரைபடங்களோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதியவை. ராமநாதபுரத்தில் என் வீட்டு கார் ஷெட்டில் சித்திரை மாதத்து மதியத்தில் எபாக்சி என்ற இரண்டு பாகப் பசையைக் கலந்தால், கையேடு சொல்லும் நேரத்தில் பாதிகூட அது தாங்காது, இறுகிவிடும். அதனால் இங்கே நான் சொல்லப்போவதில் பாதி, வேலையை நம் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் எப்படிப் பொருத்துவது என்பதுதான்.

எந்தப் படகு

முதல் படகு எட்டடிக்குள் இருக்கட்டும். கடையில் கிடைக்கும் பிளைவுட் 8க்கு 4 அடி. அதைவிட நீளம் வேண்டுமென்றால் இரண்டு பலகைகளின் ஓரத்தைச் சரிவாக இழைத்து ஒட்ட வேண்டும். அந்த வேலையை இரண்டாவது படகுக்கு வைத்துக்கொள்ளலாம். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில், கிளியர்வாட்டர் என்ற ஊரில் கிளார்க் மில்ஸ் பிள்ளைகளுக்காக வரைந்த ஆப்டிமிஸ்ட் படகும் இந்தப் பலகைக் கணக்குக்குள் அடங்கியதுதான். நீளம் 2.3 மீட்டர், முன்பக்கம் கூராக முடியாமல் தட்டையாக நிற்கும், வீட்டிலேயே கட்டிவிடலாம். இன்று பல நாட்டுப் பிள்ளைகள் பாய் ஓட்டக் கற்பது அதில்தான், ஆனால் இப்போது பெரும்பாலும் ஃபைபரில் வார்க்கிறார்கள்.

கட்டும் முறைக்கு வேறொரு படகுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கிய பேரி பக்னெலும் சேர்ந்து மிரர் என்ற படகை உருவாக்கினார்கள். டெய்லி மிரர் பத்திரிகை அதற்குப் பின்னால் நின்றது. 3.3 மீட்டர் நீளம், சிவப்புப் பாய். அறுத்த பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின் மேல் ஃபைபர் நாடாவும் ரெசினும் வைத்துக் கட்டியது அது. சட்டகம் நட்டு, பலகையை ஆவியில் வளைக்கும் வேலையே இல்லை. நம் சோழமண்டலக் கரைக்குத் தைத்த படகு புதிதில்லை. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் சுமந்த மசூலாப் படகை ஆணியே இல்லாமல் தென்னைநார்க் கயிற்றால் தைத்தார்கள். அலை அறையும்போது தையல் நெகிழ்ந்து கொடுத்தது. நம் படகில் தையல் சில நாளைக்குத்தான். பசை இறுகியதும் கம்பியை உருவிவிடுவோம்.

வரைபடத்தை நீங்களே போட வேண்டாம். தைத்து ஒட்டும் முறையில் சிறு படகுகளுக்கு நல்ல வரைபடங்கள் விலைக்கும் இலவசமாகவும் கிடைக்கின்றன. கைக்கு வந்ததும் பிளைவுட் வாங்க ஓடாதீர்கள். அட்டையில், ஓரடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் எல்லாத் துண்டுகளையும் வெட்டி, செலோடேப்பால் ஒட்டி ஒரு சின்னப் படகு செய்யுங்கள். எந்த ஓரம் எதோடு சேர்கிறது, தட்டையான துண்டு எங்கே முறுக்கிக்கொள்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வரைபடத்தில் ஓர் அளவு தப்பாக இருந்தால் அதுவும் இங்கேயே அகப்படும். மாடியில் கட்டுகிறவர்கள் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். படகைச் சாய்த்துத் தூக்கினால் சாதாரணக் கதவில் போய்விடும். திருப்பத்தில்தான் மாட்டும்.

பலகையும் மரமும்

6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் மூன்று பலகை தேவைப்படும். பலகையில் IS 710 என்ற முத்திரை இருக்க வேண்டும். "வாட்டர்ப்ரூஃப்தான், சமையலறைக்கெல்லாம் இதுதான் போகுது" என்று கடையில் காட்டுவது பெரும்பாலும் IS 303 ரகம். அது அலமாரிக்கு நல்லது, படகுக்கு வேண்டாம். முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம். பலகையின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் உள்ளேயும் இருக்கும். 6 மில்லிமீட்டரில் ஐந்து அடுக்கு கிடைத்தால், மூன்று அடுக்கைவிட அது சீராக வளையும். ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். எடுத்துக் காயவைத்து, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்கு விட்டால் அந்தக் கடைக்குத் திரும்பப் போகாதீர்கள். தர நிர்ணயத்தில் இதே சோதனை 72 மணி நேரம் நடக்கும், வீட்டில் அவ்வளவு வேண்டாம்.

ஒரு பலகை ஏறக்குறைய 12 கிலோ. கழிவு போக, மரமும் பசையும் பெயின்ட்டும் சேர்ந்து முடிந்த படகு ஐம்பது கிலோவை ஒட்டி நிற்கும். இரண்டு பேர் தூக்கலாம்.

விளிம்புக்கு அரை அங்குலக் கனத்தில், கணுவில்லாத, நார் நேராக ஓடும் ரீப்பர் வேண்டும். தேக்கு வைத்தால் நல்லதுதான், ஆனால் அதில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். பாய்மரத்துக்கு ஒரே கட்டையைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு ரீப்பர்களை, நார் எதிரெதிராக வரும்படி ஒட்டி இழைத்தால் அது முறுக்கிக்கொள்ளாது.

பசை வாங்கும்போது

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் வேலை செய்கிறவர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின். விலை குறைவு. ஃபைபர்மேல் ஃபைபருக்கு அது போதும். மரத்தை எபாக்சி பிடிப்பதுபோல அது பிடிப்பதில்லை. சில வருடத்தில் மூட்டில் உரியத் தொடங்கும். நான் எபாக்சி தவிர வேறொன்றைச் சொல்ல மாட்டேன். எட்டடிப் படகுக்கு ஐந்தாறு கிலோ வேண்டும். அதோடு கலந்து இறுகவைக்கும் ஹார்ட்னரை "ஸ்லோ" ரகமாகக் கேளுங்கள். நம் ஊருக்கு அதுதான்.

ஃபைபரிலும் ஒரு கவனம். கடையில் முதலில் எடுத்துக் கொடுப்பது நறுக்கிய இழைகளை அமுக்கிச் செய்த மேட். அதில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருள் பாலியெஸ்டரில்தான் கரையும், எபாக்சியில் கரையாது. விறைத்துக்கொண்டு மூலையில் படியாமல் நிற்கும். நெய்த துணியும், மூன்று அங்குல அகலத்தில் நெய்த நாடாவும் கேட்டு வாங்குங்கள்.

பாலியெஸ்டரில் சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் கொஞ்சம் கூடுதலாக கேட்டலிஸ்ட் விடுவார்கள். அந்தப் பழக்கத்தை எபாக்சிக்குக் கொண்டுவராதீர்கள். டப்பாவில் 2க்கு 1 என்று போட்டிருந்தால் 2க்கு 1தான். ஹார்ட்னர் கூடினாலும் குறைந்தாலும் பசை கடைசிவரை பிசுபிசுத்தே கிடக்கும். சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே வைத்து எடைபோட்டுக் கலக்குங்கள். அந்த விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று டப்பாவில் படித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு.

கையுறை இல்லாமல் தொடவே கூடாது. இன்று ஒன்றும் செய்யாது. தொடர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒவ்வாமை வரும், வந்தால் பெரும்பாலும் போகாது. பிறகு எபாக்சி இருக்கும் அறைக்குள்ளேயே போக முடியாது. கையில் பட்டால் தின்னர் போட்டுத் தேய்க்காதீர்கள், அது பசையைத் தோலுக்குள் இன்னும் ஏற்றும். துணியால் துடைத்துச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம்.

அறுப்பதும் தைப்பதும்

அறுக்கும் வேலையெல்லாம் காலையில். வரைபடத்தின் அளவுப் புள்ளிகளைப் பலகையில் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் சின்ன ஆணி அடித்து, மெல்லிய ரீப்பரை ஆணிகளை ஒட்டி வளைத்துக் கோடு போடுங்கள். ரீப்பர் ஓரிடத்தில் முட்டி நின்றால் அந்தப் புள்ளி தப்பு. ரீப்பர் சொல்வதைக் கேளுங்கள். பக்கப் பலகைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து கிளாம்ப் போட்டுச் சேர்த்தே அறுக்க வேண்டும். ஜிக்சாவைக் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே ஓட்டி, மிச்சத்தை இழைப்புளியால் கோடுவரை கொண்டுவாருங்கள். அப்போதுதான் இடமும் வலமும் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும்.

ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு துளை. கம்பிக்கு 18 கேஜ் செம்புக் கம்பி போதும். பழைய ஒயரிங்கில் கழற்றிய ஒற்றைக் கம்பி ஒயர் கிடைத்தால் உரித்துக்கொள்ளலாம். உள்ளிருந்து விட்டு, வெளியே முறுக்குங்கள். முதல் சுற்றில் எல்லாம் தளர்வாகவே இருக்கட்டும். தட்டையாகக் கிடந்த பலகைகள் நிமிர்ந்து படகாக எழுந்து நிற்கும் அந்த மாலையில், வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஷெட்டுக்குக் கூப்பிடுங்கள். அவ்வளவு சந்தோஷமான வேலை இது.

ஆனால் அன்றைக்கே ஒட்டிவிடாதீர்கள். படகின் தலையெழுத்து முடிவாகும் இடம் இது, ஒரு முழு நாள் கொடுங்கள். மேலே, முன்பக்கத்து அணியத்தின் இடது மூலையிலிருந்து பின்பக்கத்துக் கடையாலின் வலது மூலைக்கு நூல் பிடித்து அளந்து, பிறகு மாற்றி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோணல். அடுத்தது முறுக்கு. முன் பலகையின்மேல் ஒரு நேர்க்கட்டை, பின் பலகையின்மேல் ஒரு நேர்க்கட்டை வைத்து, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கட்டையின் மேல்விளிம்பும் ஒன்றோடொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் படகு முறுக்கியிருக்கிறது. தூக்கிய பக்கத்தில் செங்கல்லோ மணல் மூட்டையோ வைத்து அமுக்கி, கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். மறுபடி அளந்து பாருங்கள். நடுக்கோட்டில் நூல் கட்டித் தூக்குக்குண்டு விட்டு அதையும் சரிபாருங்கள். முறுக்கிய படகு ஒரு பக்கம் நன்றாக ஓடும், மறுபக்கம் இழுக்கும். ஒட்டிய பிறகு அதைத் திருத்த வழியில்லை.

ஒட்டும் நேரம்

வெயில் தாழ்ந்த பிறகு ஆரம்பியுங்கள். இதற்கு இரண்டு காரணம். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் எபாக்சி தாங்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். இன்னொன்று மரத்துக்குள் இருக்கும் காற்று. காலையில் பசை பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். பூச்சு முழுக்கக் குமிழி. மாலையில் பூசினால் மரம் குளிரக் குளிர உள்காற்று சுருங்கும், மரம் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே பசை, ஒரே கை. பூசும் நேரம் மட்டும் மாறியதில் படகின் ஆயுளே மாறுகிறது.

கலந்த பசையைக் குவளையில் வைத்திருக்காதீர்கள். குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகை வரும். நூறு கிராமுக்கு மேல் ஒரு தடவைக்குக் கலக்க வேண்டாம். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். ஒருவர் கலக்க, ஒருவர் பூச வேண்டும். தனியாளாக இந்த வேலையில் இறங்காதீர்கள். எனக்குக் கலந்து கொடுப்பது என் தங்கை, தராசை அவள் யாரிடமும் விடமாட்டாள்.

முதல் மாலை, கம்பிகளுக்கு நடுவே மட்டும் பொட்டுப் பொட்டாகக் கெட்டிப் பசை வையுங்கள். மறுநாள் காலை கம்பிகளை உருவுங்கள். வராத கம்பியை சால்டரிங் அயர்னால் சூடாக்கினால் வந்துவிடும். அடுத்த மாலை மூட்டு நிரப்பும் வேலை. எபாக்சியில் சலித்த மரத்தூளைக் கலந்து புளிக்காய்ச்சல் பதத்துக்குக் கொண்டுவந்து, உள்மூலை முழுக்க நிரப்பி, ஐஸ்கிரீம் குச்சியின் உருண்டை முனையால் ஒரே இழுப்பாக இழுங்கள். அது இறுகி முடிவதற்குள், தொட்டால் ஒட்டாமல் நகம் பதியும் நிலையிலேயே, மேலே நாடாவை வைத்துப் பசையால் நனைத்துவிடுங்கள். துணி வெள்ளையாகத் தெரிந்தால் பசை போதவில்லை. கண்ணாடியாகத் தெளிந்தால் சரி.

ஈரக்காற்று அடிக்கும் இரவுகளில், மறுநாள் பூச்சின்மேல் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு படிந்திருக்கும். அதன்மேல் நேராக உப்புத்தாள் போட்டால் அழுக்கு உள்ளே தேய்ந்து, அடுத்த பூச்சு பிடிக்காது. முதலில் தண்ணீரும் பச்சை ஸ்க்ரப்பரும் வைத்துக் கழுவுங்கள், காயவிடுங்கள், அப்புறம் தேயுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டும் வேலையே வேண்டாம். மாசிக்கு மேல் தொடங்குங்கள்.

மிதவை அறைகள், நடுப்பலகை

அணியத்திலும் கடையாலிலும் குறுக்குப் பலகை வைத்து மூடிய அறைகள் செய்ய வேண்டும். ஒரு மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளம், 35 உயரம் என்றால் 140 லிட்டர். படகில் தண்ணீர் நிரம்பினாலும் அந்த அறை 140 கிலோவைத் தாங்கும். ஒவ்வொன்றிலும் திருகு மூடி வையுங்கள், கரையில் திறந்து வைத்துக் காற்றாட விடத்தான்.

நடுவில் நீருக்குள் இறங்கும் பலகை இல்லாமல் தட்டை அடிப்படகு காற்றை எதிர்த்து ஏறாது, பக்கவாட்டில் வழுக்கிப் போகும். மூன்று 6 மில்லிமீட்டர் துண்டுகளை ஒட்டி, முன்னோரத்தை உருட்டி, பின்னோரத்தை மெலிதாக்குங்கள். 30 சென்டிமீட்டர் அகலத்தில், அடிக்குக் கீழே 60 சென்டிமீட்டர் இறங்கினால் நான்கு சதுர மீட்டர் பாய்க்குப் போதும். அது இறங்கும் பெட்டிதான் படகிலேயே ஒழுகக்கூடிய இடம், ஏனென்றால் அடியில் வேண்டுமென்றே ஓட்டை போடுகிறோம். பெட்டியை மூடி ஒட்டுவதற்கு முன் உட்புறத்துக்கு மூன்று பூச்சு கொடுத்துவிடுங்கள், பிறகு கை போகாது. பெட்டியின் மேல்வாய், படகில் தண்ணீர் நிரம்பி நிற்கும்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் இறைக்க இறைக்க அந்த வழியாகவே கடல் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

வெளிப்புற மூலைகளைக் கூராக விடாதீர்கள், துணி படியாது. விரல் வழுக்கிப் போகும் அளவு உருட்டி நாடா ஒட்டுங்கள். அடிப்பக்கம் முழுக்க ஒரு துணி போட்டால் மணலில் இழுக்கத் தாங்கும். வெயில் எபாக்சியைத் தின்னும், ஆகவே பெயின்ட் கட்டாயம். நிறம் வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான்: கருநீலம் அடித்த படகை நம் வெயிலில் கவிழ்த்துப் போட்டால், அந்தச் சூட்டில் எபாக்சி இளகும். சாதாரண எனாமல் சில எபாக்சிகளின்மேல் காயவே காயாது. ஒரு துண்டில் அடித்துப் பார்த்துவிட்டுப் படகில் தொடுங்கள்.

பாய்

எட்டடிப் படகில் பெரியவர் ஒருவர் போக நான்கு சதுர மீட்டர் நாற்கோணப் பாய் சரி. பாயின் மேலோரத்தைக் கட்ட பருமல் என்ற கம்பு, கீழோரத்துக்கு இன்னொரு கம்பு, கயிறு கட்டி நிறுத்த வேண்டாத 3.2 மீட்டர் பாய்மரம். தொண்டி, நம்புதாளைப் பக்கம் இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. அங்கே போய் நின்று பாருங்கள். பாய் ஏற்றிப் பழகிய ஒரு பெரியவரிடம் என் பருமலைக் காட்டினேன். தோளில் வைத்து வளைத்துப் பார்த்தார். "வளையணும் தம்பி. காத்து அடிச்சா மேல பாய் கொஞ்சம் தொறந்து விடணும். இரும்பா நின்னா ஆளைக் கவுத்துரும்" என்றார். பருமலுக்கு நன்றாகக் காய்ந்த கல்மூங்கிலைப் பயன்படுத்துவது அதனால்தான்.

கற்றுக்கொள்ளும் வரை பாயை நல்ல தார்ப்பாயிலேயே தைக்கலாம். நேர்க்கோட்டில் வெட்டினால் பாய் தட்டையாக நிற்கும், இழுக்காது. மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் வெளியே பிதுங்கும்படி வளைத்து வெட்டி, நேரான கம்பில் கட்டுங்கள். அந்த உபரித் துணிதான் பாய்க்கு வயிறு கொடுக்கும்.

பாய்மரத்தை எங்கே நடுவது என்பது வரைபடத்திலேயே இருக்கும். பாயை மாற்றினால் மட்டும் கணக்குப் பாருங்கள். பாயின் வடிவத்தைச் சிறிதாக அட்டையில் வெட்டி, ஒரு மூலையில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு நேர்க்கோடு போடுங்கள். இன்னொரு மூலையிலும் அப்படியே. கோடுகள் வெட்டும் இடம் பாயின் நடு. அது நடுப்பலகையின் நடுவுக்கு நேர்மேலே, அல்லது சற்றே முன்னால் விழ வேண்டும். ரொம்பப் பின்னால் போனால் சுக்கானோடு மல்லுக்கட்டியே கை ஓய்ந்துபோகும்.

தண்ணீரில்

பாய் ஏற்றுவதற்கு முன் இடுப்பளவு தண்ணீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறி, இறைத்துப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இதைக்கூடச் செய்ய வேண்டாம். மரைன் போலீசிடமும் ஊர் மீனவர் சங்கத்திடமும் முன்னதாகச் சொல்லி வையுங்கள். பாக் நீரிணையில் எல்லைக்கோடு அருகே இருக்கிறது. கரையில் நிற்கும் ஆளின் சட்டை நிறம் தெரியும் தூரம்தான் உங்கள் கடல்.

காற்றின் திசை எல்லாவற்றையும்விட முக்கியம். தொண்டிக் கரை கிழக்குப் பார்த்தது. மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் கரையோரம் கடல் தகடாகக் கிடக்கும், பழகாதவருக்கு ஆசை காட்டும். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும், தள்ளிப் போகப் போக வலுக்கும். பழகும்வரை, கிழக்கிலிருந்து மெதுவாகக் கொண்டல் வீசும் நாளில் மட்டும் இறங்குங்கள். ஏதாவது ஆனால் அதுவே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, அறை மூடிகளைத் திறந்து, நிழலில் கவிழ்த்துப் போடுங்கள். அடியில் கீறல் விழுந்து மரம் தெரிந்தால் அன்றைக்கே பசை வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் காயவிட்டு, ஒரு மாலை வேளையில் எபாக்சி தொட்டு வைத்து, மறுநாள் கழுவித் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.